கடல் கடந்தோம், உலகைக் கற்றோமா?

வலமிருந்து இடமாக ஓடும் எழுத்தை ஐந்து வயதிலேயே ஓதக் கற்பவர்கள் நாம். அதே எழுத்தில் எழுதப்பட்ட வேலை ஒப்பந்தத்தில் என்ன கண்டிருக்கிறது என்று அறியாமலே கையொப்பமிட்டு, வளைகுடா நாடுகளுக்கு விமானம் ஏறியவர்களும் நாமே. ஓதத் தெரியும், பொருள் கொள்ளத் தெரியாது. நம் சமுதாயத்தின் கல்விக் குறை முழுவதும் இந்த ஒரு காட்சியில் அடங்கிவிடுகிறது. பல நூற்றாண்டுகளாகக் கடல் கடந்து சென்றோம், பொருள் ஈட்டினோம், அந்தப் பொருளைக் கொண்டு பள்ளிவாசல்கள் கட்டினோம், பின்னர்க் கல்லூரிகளும் கட்டினோம். ஆனால் எந்த உலகத்தில் நடமாடி அந்தப் பொருளை ஈட்டினோமோ, அந்த உலகத்தை ஒரு பாடமாக வைத்து முறையாகக் கற்றோமா?

இந்தக் கேள்வியை இப்போது எழுப்பக் காரணம் உண்டு. நம் சமுதாயப் பெரியோர்கள் நடத்திவரும் கல்லூரி ஒன்றில், புதிய பட்டப் படிப்புகளைப் பற்றிய ஆலோசனைக் கூட்டத்தில் அண்மையில் கலந்துகொண்டோம். கல்லூரியின் பெயர் வேண்டாம். இந்தக் குறை ஒரு கல்லூரிக்கு மட்டும் உரியதன்று. ஆசிரியர் ஒருவர், மேல்நாடுகளில் 'குளோபல் ஸ்டடீஸ்' என்று வழங்கும் உலக ஆய்வியலை இளங்கலைப் பட்டமாகத் தொடங்கலாம் என்று ஒரு திட்டத்தை முன்வைத்தார். அரை மணி நேரத்தில் அது மடித்து வைக்கப்பட்டது. படித்தால் வேலை கிடைக்குமா என்று கேட்டார் ஒருவர். வரலாற்றுத் துறை இருக்கிறதே, அது போதாதா என்றார் இன்னொருவர். மார்க்கமும் வணிகமும் அறிந்தால் நமக்குப் போதும், இந்த வீண் வேலை எதற்கு என்றார் மூன்றாமவர். நான்காமவர் கூறியதே நம்மை மிகவும் வருத்தியது. மாணவர் சேராத துறை ஒன்று இருக்கிறது, அதற்கு இந்தப் பெயரைச் சூட்டிப் பார்க்கலாம், பெயர் நன்றாக இருக்கிறது என்றார் அவர்.

நால்வருக்கும் இங்கே விடை கூற விரும்புகிறோம். அவர்கள் நால்வர் மட்டும் அல்லர். நம் இல்லங்களில், பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கும் கோடைகாலத்தில், இதே நான்கு குரல்களும் கூடத்தில் அமர்ந்து பேசுவதை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம்.

இது என்ன படிப்பு?

அரசுக்கும் அரசுக்கும் இடையே நிகழ்வதைக் கற்பது சர்வதேச உறவுகள் என்னும் துறை. அதற்கென 1955இல் டெல்லியில் இந்திய சர்வதேசக் கல்விக் கழகம் தோன்றியது. 1970இல் அது ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. தூதர்களையும் அரசியல் ஆய்வாளர்களையும் உருவாக்க அது பயன்படும். உலக ஆய்வியலின் பார்வை வேறு. ஓர் ஆட்டுத் தோல், ஒரு தொழிலாளி, ஒரு நோய், ஒரு செய்தி, ஒரு சமய இயக்கம், ஒரு கடன் என்பன நாடுகளின் எல்லைகளை எவ்வாறு கடக்கின்றன, கடக்கும்போது எந்தச் சட்டம் அவற்றை ஆள்கிறது, யாருக்கு இலாபம், யாருக்கு இழப்பு என்று அது கேட்கிறது. வரலாறு, பொருளியல், புவியியல், சட்டம், சமூகவியல், மொழி ஆகியவை ஒரே கேள்வியைச் சுற்றி அமர்ந்து விடை தேடும் படிப்பு இது.

கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சான்டா பார்பரா வளாகத்தில் மார்க் யூர்கன்ஸ்மேயர் போன்றோரின் முயற்சியால் 1990களில் இத்துறை வேர்விட்டது. பின்னர் ஜெர்மனியின் லைப்சிக் பல்கலைக்கழகம் இலண்டன், வியன்னா ஆகிய நகரங்களின் கல்வி நிலையங்களோடு கைகோத்து, மாணவர் ஓராண்டை ஓரிடத்திலும் மறு ஆண்டை வேறோரிடத்திலும் பயிலும் முதுகலைப் படிப்பை நடத்தியது. இவை ஆடம்பரத்துக்காகத் தொடங்கப்பட்டவை அல்ல. சோவியத் நாடு 1957இல் ஸ்புட்னிக்கை விண்ணில் ஏவியதும், அமெரிக்கா 1958இல் தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டத்தை இயற்றி, ஆசிய ஆப்பிரிக்க மொழிகளைக் கற்பிக்கத் தன் பல்கலைக்கழகங்களுக்குப் பணம் கொடுத்தது. அவர்கள் தங்கள் தேவைக்காக நம்மைக் கற்றார்கள். அதைக் குறைகூறி மேடையில் முழங்குவது எளிது. நம் தேவைக்காக நாம் உலகைக் கற்காமல் இருப்பதற்கு யாரைக் குறைகூறுவது?

எட்வர்ட் சயீத் 1978இல் எழுதிய 'ஓரியண்டலிசம்' நூலை நம்மவர் பலர் மேற்கோள் காட்டுகின்றனர். கீழை மக்களைப் பற்றி மேலை மக்கள் எழுதிய அறிவு ஆட்சியின் கருவியாகவும் இருந்தது என்பது அந்நூலின் வாதம். நல்லது. ஆனால் அந்த வாதத்தை ஏற்ற சமுதாயம் அடுத்துச் செய்யவேண்டியது என்ன? தன்னைப் பற்றியும் தன் அண்டையாரைப் பற்றியும் தானே ஆராய்ந்து எழுதுவதல்லவா? நமக்கு இதில் முன்மாதிரி இல்லாமலும் இல்லை. 1888இல் பொன்னம்பலம் இராமநாதன் கொழும்பில் இலங்கைச் சோனகரின் இனவரலாறு பற்றி ஒரு கட்டுரை படித்தார். அவர்கள் மதம் மாறிய தமிழரே என்பது அதன் முடிவு. ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் 1907இல் அதை மறுத்து ஒரு நூலே எழுதினார். இருவரில் யார் கூறியது சரி என்பது இங்கே கேள்வியன்று. தன்னைப் பற்றிய வாதத்துக்கு ஆய்வால் விடை கூறும் ஆற்றல் அன்று ஒரு தனி மனிதருக்கு இருந்தது. இன்று அந்த ஆற்றலை ஆண்டுதோறும் சிலருக்கேனும் அளிக்கும் வகுப்பறை நம்மிடம் எங்கே இருக்கிறது என்பதே கேள்வி.

முன்னோர் விட்டுச்சென்ற சாட்சி

காயலின் துறையில் ஹுர்முஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் குதிரைகள் வந்திறங்கியதை 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ எழுதிவைத்தார். மதுரையில் சுல்தான்கள் ஆண்ட காலத்தில், 1340களில், இப்னு பதூதா இந்தக் கரையில் வந்திறங்கினார். பினாங்கு நகரில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலையும் சிங்கப்பூரில் ஜாமிஆ சூலியா பள்ளிவாசலையும் எழுப்பியவர்கள் நம் கடற்கரை ஊர்களிலிருந்து சென்ற வணிகர்களும் தொழிலாளர்களும். நாகூரின் நினைவாகக் கட்டிய தர்காக்கள் அவ்விரு நகரங்களிலும் இன்றும் நிற்கின்றன.

அவர்கள் வணிகத்தோடு நின்றுவிடவில்லை என்பதை நாம் மறந்துவிட்டோம். கண்டியின் அறிஞர் சித்தி லெப்பை 1882இல் 'முஸ்லிம் நேசன்' இதழைத் தொடங்கினார். 1885இல் அவர் எழுதிய 'அசன்பே சரித்திரம்' தமிழின் தொடக்ககால நாவல்களில் ஒன்று. அதன் களம் எகிப்தையும் இந்தியாவையும் தொட்டுச் செல்கிறது. ஆங்கிலேயரை எதிர்த்துத் தோற்ற எகிப்தியத் தலைவர் உராபி பாஷா 1883இல் இலங்கைக்கு நாடு கடத்தப்பட்டு வந்தபோது, சித்தி லெப்பை அவரோடு கூடிச் சமுதாயக் கல்வியைப் பற்றிச் சிந்தித்தார். அந்தச் சிந்தனையின் விளைச்சல்களில் ஒன்று 1892இல் கொழும்பில் தோன்றிய ஸாஹிரா. சிங்கப்பூரில் மகுதூம் சாயபு 1887இல் 'சிங்கை நேசன்' என்னும் தமிழ் வார இதழை நடத்தத் தொடங்கினார். தந்திக் கம்பியும் நீராவிக் கப்பலும் புதிதாயிருந்த அந்நாளில், உலகச் செய்தியைத் தமிழில் எழுதித் தம் மக்களுக்குக் கொடுக்க வேண்டும் என்ற கடமை உணர்வு அவர்களுக்கு இருந்தது.

அவர்களிடம் கல்லூரி இல்லை. உலக அறிவு இருந்தது. நம்மிடம் கல்லூரிகள் இருக்கின்றன. வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919 முதல் இருக்கிறது. திருச்சி ஜமால் முகமது கல்லூரியும் சென்னைப் புதுக்கல்லூரியும் 1951இல் தோன்றின. அதிராம்பட்டினத்தில், உத்தமபாளையத்தில், மேல்விஷாரத்தில், இளையான்குடியில், பாளையங்கோட்டையில் என்று வள்ளல்கள் கல்விக்கூடங்களை எழுப்பினர். பெண்களுக்கென நீதிபதி பஷீர் அகமது சயீத் 1955இல் சென்னையில் கல்லூரி கண்டார். எத்தனையோ ஏழைக் குடும்பங்களின் முதல் பட்டதாரி இக்கல்லூரிகளில்தான் உருவானார். அந்த நன்றியோடுதான் இக்குறையைச் சொல்கிறோம். கடல் வணிகத்தின் செல்வமும் தோல் வணிகத்தின் செல்வமும் சேர்ந்து எழுப்பிய இக்கல்விக்கூடங்கள், அந்தக் கடலையும் அந்த வணிகத்தையும் தம் ஆய்வுப் பொருளாகக் கொள்ளவேண்டாமா?

1990 என்னும் ஓர் ஆண்டு

ஓர் ஆண்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். 1990 ஆகஸ்டு 2ஆம் நாள் ஈராக்கின் படை குவைத்துக்குள் நுழைந்தது. அங்கே உழைத்துக்கொண்டிருந்த இந்தியர் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர், பாலைவனத்தைக் கடந்து ஜோர்டானின் அம்மான் நகரை அடைந்து, அங்கிருந்து விமானங்களில் தாயகம் திரும்பினர். அதே ஆண்டு அக்டோபரில், வட இலங்கையின் முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். யாழ்ப்பாணத்தில் அவர்களுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணி நேரம். 70,000க்கும் மேற்பட்டோர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மண்ணை விட்டு அகன்றனர். பலர் புத்தளத்தில் கூடாரங்களில் ஒதுங்கினர். அவர்கள் பேசிய மொழி நம் மொழி.

மூன்று மாதங்களுக்குள் இரண்டு பேரிடிகள். ஒன்று நம் கடைத்தெருவின் வருவாயைத் தாக்கியது. மற்றொன்று பாக் நீரிணைக்கு அப்பால் நம் உறவினரின் வாழ்வைத் தாக்கியது. நாம் என்ன செய்தோம்? துஆ செய்தோம், நிதி திரட்டினோம், கூட்டம் போட்டுக் கண்டித்தோம். அவை செய்ய வேண்டியவையே. ஆனால் அயல்நாட்டில் உழைப்பவனுக்குப் போர்க்காலத்தில் உள்ள உரிமை என்ன, அவன் விட்டுவந்த ஊதியத்தைக் கோரும் வழி என்ன, தன் நாட்டுக்குள்ளேயே அகதியானவனுக்குச் சர்வதேசச் சட்டம் என்ன பாதுகாப்புத் தருகிறது என்று விளக்கிச் சொல்லத்தக்க ஒரு துறை நம் கல்லூரிகளிலிருந்து எழுந்ததா? பர்மாவில் 1964இல் கடைகள் தேசியமயமானபோதும் நம்மவர் வெறுங்கையோடு கப்பலேறி வந்தனர். அந்த அனுபவமும் முதியோரின் திண்ணைக் கதையாக நின்றது, பாடமாகவில்லை. கற்காத சமுதாயம் ஒவ்வொரு இடியையும் முதல் இடியாகவே வாங்கிக்கொள்கிறது.

நான்கு தடைகளுக்கும் விடை

முதல் கேள்வி வேலையைப் பற்றியது. பிள்ளையின் வயிற்றுப் பிழைப்பைப் பற்றிக் கவலைப்படும் பெற்றோரை நாம் எள்ளமாட்டோம். நேர்மையாகவே சொல்கிறோம்: இந்தப் பட்டம் கையில் வந்த மறுநாளே வேலை வாசலில் வந்து நிற்கும் என்று எவரேனும் கூறினால் நம்பாதீர்கள். ஆனால் இன்று நீங்கள் வரிசையில் நின்று வாங்கும் வணிகவியல் பட்டமும் கணினிப் பட்டமும் அந்த உறுதியைத் தருகின்றனவா? துறைமுகச் சரக்குப் போக்குவரத்து, ஏற்றுமதி நிறுவனம், தூதரகம், செய்தித்துறை, சட்டம், அகதிகளுக்கும் குடிபெயர்ந்தோருக்கும் பணிபுரியும் அமைப்புகள் ஆகிய எல்லா இடங்களிலும் பிற நாட்டின் மொழியும் சட்டமும் வழக்கமும் அறிந்தவருக்கு இடமுண்டு. மத்திய குடிமைப்பணித் தேர்வின் பொது அறிவுத் தாளிலேயே சர்வதேச உறவுகள் ஒரு பகுதியாக இருக்கிறது.

வணிகப் பெருமக்களுக்கு இன்னொரு கணக்கையும் காட்டுகிறோம். ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைத் தோல் பதனிடும் தொழில் நம் சமுதாயத்தின் முதுகெலும்புகளில் ஒன்று. பென்டாகுளோரோபீனால் என்னும் பூஞ்சைக்கொல்லியை ஜெர்மனி 1989இல் தடைசெய்தது. 1990களின் நடுவில் சில அசோ சாயங்களையும் தடைசெய்தது. அனுப்பிய சரக்குக்கு ஆபத்து வந்தபிறகே பலருக்கு அந்தச் சட்டங்களின் பெயர் தெரிந்தது. 1992இல் ரியோ நகரில் உலக நாடுகள் கூடி, மாசுபடுத்துவோரே அதன் செலவை ஏற்கவேண்டும் என்ற கொள்கையை எழுதிவைத்தன. நான்கே ஆண்டுகளில், 1996இல், வேலூர் மக்கள் நல மன்றத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் அக்கொள்கையை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதியாக ஏற்றுத் தீர்ப்பளித்தது. பாலாற்றங்கரைத் தொழிற்கூடங்கள் அதன் எடையை உணர்ந்தன. அந்த ஆற்று நீரைக் குடித்த உழவருக்கு அத்தீர்ப்பு நியாயம் வழங்கியது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ரியோவில் எழுதியது பாலாற்றுக்கு வரும் என்று முன்கூட்டியே சொல்லக்கூடிய நான்கு பட்டதாரிகள் அன்று நம்மிடம் இருந்திருந்தால், ஆறும் பிழைத்திருக்கும். தொழிலும் இடரின்றி மாறியிருக்கும்.

இரண்டாம் கேள்வி வரலாற்றுத் துறையைப் பற்றியது. வரலாற்றுத் துறையின் பகையாளிகள் அல்லர் நாம். அது இல்லாமல் இந்தப் படிப்பே இல்லை. ஆயினும் அரசர்களின் ஆண்டுகளையும் போர்களின் விளைவுகளையும் மனப்பாடம் செய்து தேர்வெழுதும் முறையில், கூத்தாநல்லூர் எப்படிச் சின்னச் சிங்கப்பூர் ஆனது என்பதற்கு இடமில்லை. 1973இல் எண்ணெயின் விலை ஏறியது ஏன், அதனால் மேலப்பாளையத்து இளைஞன் ஜித்தாவுக்குச் சென்றது எப்படி என்பதை வரலாறும் பொருளியலும் புவியியலும் சட்டமும் தனித்தனியாகச் சொல்ல இயலாது. சேர்ந்துதான் சொல்ல இயலும்.

மூன்றாமவர் மார்க்கத்தைத் துணைக்கு அழைத்தார். அவருக்கு மார்க்கத்திலிருந்தே விடை தருவோம். மக்கள் பல இனங்களாகவும் கோத்திரங்களாகவும் பிரிந்திருப்பது ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கே என்பதை ஸூரத்துல் ஹுஜுராத்தின் 13ஆம் வசனம் உணர்த்துகிறது. அறிவது என்றால், விமான நிலையத்தில் முகம் பார்ப்பதா? அல்பிரூனி 11ஆம் நூற்றாண்டில் இந்நாட்டைப் பற்றி எழுத எண்ணியபோது, சமஸ்கிருதம் கற்றார். இந்நாட்டு அறிஞர்களோடு பழகினார். தமக்கு உடன்பாடில்லாத கொள்கைகளையும் அவற்றை உடையவர் சொல்லும் முறையிலேயே எடுத்துரைத்தார். நாம் வேண்டும் துறைக்கு அவரே முதல் ஆசிரியர். கல்வியைத் தேடிச் சீனம் வரை செல்லச் சொல்லும் வாசகத்தை நம் ஆண்டு விழாக்களில் கேட்காத ஆண்டில்லை. அதன் அறிவிப்பாளர் தொடர் பலவீனமானது என்பர் ஹதீஸ் கலை வல்லுநர். தொடரின் பலவீனம் ஒருபுறம் இருக்கட்டும். அதை முழங்கிவிட்டு, சீனத்தைப் பற்றி ஒரு பாடமேனும் தங்கள் கல்லூரியில் உண்டா என்று எண்ணிப்பாராத நம் செயலின் பலவீனத்தை என்னென்பது?

நான்காமவர், அதாவது பெயர்ப்பலகையை மாற்றினால் போதும் என்பவர், முதல் மூவரையும்விட ஆபத்தானவர். அவர்கள் வேண்டாம் என்று சொல்லித் தடுப்பவர்கள். இவர் வேண்டும் என்று சொல்லிக் கெடுப்பவர். பழைய பாடங்களுக்குப் புதுப்பெயர் சூட்டி, அதிகக் கட்டணம் வாங்கி, மணிக்கணக்கில் கூலி பெறும் தற்காலிக விரிவுரையாளர்களைக் கொண்டு நடத்தினால், மூன்றாம் ஆண்டில் துறை மூடப்படும். நம் சமுதாயத்துக்கு இந்தப் படிப்பு ஒத்துவராது என்ற பழிச்சொல் மட்டும் முப்பது ஆண்டுகள் நிற்கும். அப்படித் தொடங்குவதைவிடத் தொடங்காமல் இருப்பது மேல்.

எப்படித் தொடங்குவது?

குறை சொல்லுவதோடு நிறுத்திக்கொள்ளும் உரிமை நமக்கில்லை. ஆகவே வழியையும் சொல்கிறோம்.

தமிழ்நாட்டில் 1978 முதல் தன்னாட்சிக் கல்லூரிகள் இருந்துவருகின்றன. பட்டத்தைப் பல்கலைக்கழகம் வழங்கினாலும், பாடத்திட்டத்தைக் கல்லூரியே வகுத்துக்கொள்ளும் உரிமை இதன் உயிர்நாடி. நம் கல்லூரிகள் சில இவ்வுரிமையைப் பெற்றிருக்கின்றன. உரிமையைப் பெற்றும், மற்றவர் பாடத்திட்டத்தையே படியெடுத்து வைத்திருப்பது, விளக்கை வாங்கி வந்து அதை ஏற்றாமல் இருளில் அமர்ந்திருப்பது போன்றது.

முதல் ஆண்டிலேயே பட்டம் வேண்டாம். எல்லாத் துறை மாணவரும் எடுத்துக்கொள்ளத்தக்க ஒரே ஒரு விருப்பப் பாடமாகத் தொடங்குக. இந்தியப் பெருங்கடலும் அதன் மக்களும் என்பது அதன் பொருளாகட்டும். அதில் ஆர்வம் காட்டியவர்களைக் கண்டபின், 20 மாணவரோடு பட்ட வகுப்பைத் திறக்கலாம். இடங்கள் நிரம்பவில்லையே என்று முதல் ஆண்டில் கலங்குவோர் இந்தப் பணிக்கு வரவேண்டாம். தென்னையை நட்டவன் மறுமாதம் இளநீர் கேட்பதில்லை.

பட்டத்தின் பெயரில் எச்சரிக்கை தேவை. புதுப்பெயர் கொண்ட பட்டங்கள் அரசுப் பணிக்கும் மேற்படிப்புக்கும் இணையாக ஏற்கப்படாமல், படித்து முடித்த பிள்ளைகள் இணைத்தன்மை ஆணைக்காக அலுவலகம் அலுவலகமாக அலைவதை நாம் பார்த்திருக்கிறோம். முதல் மாணவர் சேருமுன்பே அந்த ஆணையைப் பெற்று, அதைச் சேர்க்கை அறிக்கையில் அச்சிடுவது நிர்வாகத்தின் கடமை. அதைச் செய்யாமல் பிள்ளைகளைச் சேர்ப்பது அமானிதத்தைப் பாழாக்குவதாகும்.

ஆசிரியர் நால்வர் முழுநேரமாக வேண்டும். வரலாற்றில் ஒருவர், பொருளியலில் ஒருவர், புவியியல் அல்லது சுற்றுச்சூழலில் ஒருவர், சட்டத்தில் ஒருவர். நிலையான ஊதியத்தோடு, ஐந்தாண்டு அச்சமின்றிப் பணியாற்ற அவர்களுக்கு வழிசெய்ய வேண்டும். இதற்குப் பணம் எங்கே என்று கேட்பீர்களாயின், ஒரு திருமண மண்டபத்துக்கு நன்கொடை திரட்டத் தெரிந்த நமக்கு, நான்கு ஆசிரியருக்குப் பத்தாண்டு ஊதியத்துக்கான அறக்கட்டளை நிறுவத் தெரியாதா என்று திருப்பிக் கேட்போம். கட்டடத்தில் கொடையாளர் பெயரைக் கல்லில் பொறிக்கலாம். ஆசிரியரின் ஊதியத்தில் பொறிக்க முடியாது. அந்தக் காரணத்தாலேயே இக்கொடை இக்லாஸுக்கு நெருங்கியது.

மொழி இந்தப் படிப்பின் உயிர். அரபி நம் கல்லூரிகளில் ஏற்கெனவே கற்பிக்கப்படுகிறது. அதை வாழும் மொழியாகக் கற்பிக்கவேண்டும். மூன்றாம் ஆண்டு மாணவர் ஓர் அரபு நாளிதழின் தலையங்கத்தையும் ஒரு வேலை ஒப்பந்தத்தையும் படித்துத் தமிழில் பொருள் சொல்லாவிட்டால், அவருக்குப் பட்டம் தரலாகாது. அரபி வேண்டாதார் மலாயோ, சிங்களமோ, பிரெஞ்சோ கற்கட்டும். ஆய்வேடுகள் தமிழிலும் எழுதப்பட வேண்டும். சித்தி லெப்பையும் மகுதூம் சாயபும் உலகத்தைத் தமிழில் எழுதினார்கள் என்றால், நம் பட்டதாரிகளால் ஏன் எழுத இயலாது?

எப்படி வளர்ப்பது?

தொடங்கிய துறை தானாக வளராது. வளர்ச்சி என்றால் மாணவர் எண்ணிக்கை என்று மட்டும் கருதி, மூன்றே ஆண்டில் முதுகலை, ஐந்தே ஆண்டில் முனைவர் பட்டம் என்று விரித்துக்கொண்டே போவதும் அழிவின் வழி. வேர் ஆழமாகப் போகட்டும்.

அந்த வேர் நம் வீட்டுப் பெட்டிகளில் இருக்கிறது. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் நாகூரிலும் அதிராம்பட்டினத்திலும், பாட்டனார் பினாங்கிலிருந்து எழுதிய கடிதங்கள், இரங்கூன் கடையின் கணக்கேடுகள், பழைய கடவுச்சீட்டுகள், அரபுத் தமிழில் எழுதிய குறிப்புகள் ஆகியன கறையானுக்கு இரையாகின்றன. ஒவ்வொரு மாணவரும் பட்டம் பெறுமுன் ஒரு குடும்பத்தின் கடல்கடந்த வாழ்வை ஆவணங்களோடு எழுதவேண்டும் என்று விதி வகுத்தால், பத்தாண்டில் 200 குடும்பங்களின் வரலாறு ஒரு கல்லூரியில் சேர்ந்துவிடும். அப்போது லைப்சிக்கிலிருந்தும் சான்டா பார்பராவிலிருந்தும் ஆய்வாளர்கள் நம் கதவைத் தட்டுவார்கள். அவர்களை வரவேற்போம், ஆனால் ஆவணமும் அதன் முதல் விளக்கமும் நம்முடையதாக இருக்கும்.

துணைக்கு அண்டை நாட்டுக் கல்வி நிலையங்கள் உண்டு. இலங்கையின் ஒலுவிலில் 1990களில் தோன்றிய தென்கிழக்குப் பல்கலைக்கழகம் தமிழ் பேசும் முஸ்லிம் மாணவர் நிறைந்தது. பினாங்கில் 1969இல் நிறுவப்பட்ட அறிவியல் பல்கலைக்கழகமும், கோலாலம்பூர்ப் பகுதியில் 1983இல் நிறுவப்பட்ட பன்னாட்டு இஸ்லாமியப் பல்கலைக்கழகமும் உள்ளன. ஐரோப்பியர் நாடு விட்டு நாடு மாணவரை அனுப்பிக் கற்பித்தது போல, நாமும் அரை ஆண்டுக்கு ஐந்து மாணவரை அனுப்பி, ஐந்து மாணவரை வரவேற்கலாம். முன்னோர் பாய்மரத்தில் கடந்த கடலைக் கடக்க இன்று அச்சப்பட வேண்டியதில்லை.

இரண்டு எச்சரிக்கைகள் கூறுவோம். முதலாவது, இத்துறை முஸ்லிம் மாணவருக்கு மட்டும் என்று ஒதுங்கிவிடக் கூடாது. நம் கல்லூரிகளில் எல்லாச் சமயத்தாரும் பயில்கின்றனர். மலாயாவுக்கும் இலங்கைக்கும் தோட்டத் தொழிலாளராகச் சென்றவரின் பேரப்பிள்ளைகளும் அவர்களில் இருக்கக்கூடும். அவர்களின் கதையும் நம் கதையும் ஒரே கப்பலில் பயணம் செய்தவை. இரண்டாவது, நம் பெண்மக்களைப் பின்வரிசையில் வைக்கக் கூடாது. தந்தையும் கணவனும் கடலுக்கு அப்பால் இருந்த ஆண்டுகளில், வீட்டையும் வரவுசெலவையும் பிள்ளைகளின் படிப்பையும் தனித்து நின்று தாங்கியவர்கள் அவர்கள். அஞ்சலில் வந்த பண விடைத்தாளைப் பார்த்தே அயல்நாட்டின் நிலையைக் கணித்தவர்கள். குடிபெயர்வின் வரலாற்றை எழுத அவர்களின் மகள்களைவிடத் தகுதியுடையார் யார்?

நிர்வாகிகளிடம் நாம் கேட்பது மூன்றே: மடித்து வைத்த திட்டத்தை மீண்டும் விரியுங்கள்; நான்கு ஆசிரியருக்குப் பத்தாண்டு நிதியை ஒதுக்குங்கள்; பத்தாண்டு பொறுமையோடு காத்திருங்கள். பெற்றோரிடம் கேட்பது ஒன்றே: நான்கு பிள்ளைகள் உள்ள வீட்டிலிருந்து, படிப்பில் சிறந்த ஒரு பிள்ளையை இதற்குத் தாருங்கள். வேறெங்கும் இடம் கிடைக்காத பிள்ளையை அன்று, சிறந்த பிள்ளையை.

இன்றிரவும் நம் ஊரிலிருந்து ஓர் இளைஞன் வேலை ஒப்பந்தத்தோடு புறப்படுகிறான். அவனை வழியனுப்பத் தெருவே திரண்டு வந்து ஸலாம் சொல்கிறது. அவன் கையிலுள்ள தாளை வாங்கி, வலமிருந்து இடமாக ஒரு வரி விடாமல் படித்து, "தம்பி, ஏழாவது பிரிவில் ஒரு கேடு இருக்கிறது, கையொப்பமிடாதே" என்று சொல்ல அந்தக் கூட்டத்தில் ஒருவர் வேண்டும். அவரை உருவாக்குவது நம் கல்லூரிகளின் கடமை. அல்லாஹ் அதற்கான தெளிவையும் துணிவையும் நமக்கு அருள்வானாக. ஆமீன்.